கிரீந்திரசேகர் போஸ்

கிரீந்திரசேகர் போஸ் (ஜனவரி 30, 1887 – ஜூன் 3, 1953) வங்காளத்தைச் சேர்ந்த மருத்துவரும் உளவியல் பேராசிரியரும் ஆவார். இந்தியாவில் உளப்பகுப்பாய்வைத் தொடங்கி வைத்தவராக இவர் கருதப்படுகிறார். 1922 ஆம் ஆண்டு கல்கத்தாவில் இவர் நிறுவிய இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கம், மேற்குலகிற்கு வெளியே தோன்றிய முதல் உளப்பகுப்பாய்வுச் சங்கமாகும். சிக்மண்ட் பிராய்டுடன் ஏறத்தாழ பதினாறு ஆண்டுகள் கடிதத் தொடர்பு கொண்டிருந்த போதிலும் இருவரும் ஒருமுறை கூட நேரில் சந்தித்ததில்லை.

மனநோய்க்குப் பேச்சின் வழியே சிகிச்சை அளிப்பவர்கள் தம் தொழிலை எவ்வாறு கற்பது, கற்றபின் எவ்வாறு திருத்திக் கொள்வது என்பதற்கு இந்தியாவில் முதன்முதலாக ஓர் ஒழுங்குமுறையை ஏற்படுத்தியவரும் இவரே. ஆனால் இவருக்கு ஆசிரியர் எவரும் இருக்கவில்லை.

பிறப்பும் இளமையும்

போஸின் தந்தை சந்திரசேகர் போஸ், பீகாரில் இருந்த தர்பங்கா சமஸ்தானத்தில் திவானாகப் பணியாற்றியவர். ஒன்பது பிள்ளைகளுள் கிரீந்திரசேகர் கடைசிப் பிள்ளை. தர்பங்காவில் இவரது குழந்தைப் பருவம் கழிந்தது. இவருடைய அண்ணன்களுள் ஒருவரான ராஜசேகர் போஸ் (1880–1960), பரசுராம் என்ற புனைபெயரில் எழுதிய புகழ்பெற்ற வங்காள நகைச்சுவை எழுத்தாளர். வேதியியலாளராகவும் அகராதித் தொகுப்பாளராகவும் அறியப்பட்டவர். தம்பியின் முயற்சிகள் பலவற்றுக்கு அவர் துணை நின்றார்.

கிரீந்திரசேகர் கல்கத்தா மாநிலக் கல்லூரியில் வேதியியல் பயின்று 1905 இல் பட்டம் பெற்றார். பின்னர் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1910 இல் மருத்துவப் பட்டம் பெற்றார். பதினேழு வயதில் இந்துமதி என்பவரை மணந்தார். இவர்களுக்கு இரண்டு பெண் குழந்தைகள்.

பள்ளிப் பருவத்திலேயே இவருக்கு மாய வித்தையிலும் அறிதுயிலிலும் (ஹிப்னாடிசம்) ஈடுபாடு இருந்தது. மருத்துவம் பயிலும் காலத்தில் அந்த ஈடுபாடு சிகிச்சை முயற்சியாக மாறியது. பிராய்டும் அறிதுயிலில் தொடங்கி, பின்பு அதைக் கைவிட்டே தம் முறையை உருவாக்கினார் என்பது இங்கு ஒப்புநோக்கத்தக்கது.

அக்கால இந்தியாவில் மனநோய் மருத்துவம்

போஸ் மருத்துவத் தொழிலைத் தொடங்கிய காலத்தில், இந்தியாவில் மனநோயாளிகளுக்கென இருந்தவை பெரும்பாலும் ஆங்கில அரசு நடத்திய பைத்தியக்கார விடுதிகளே. சென்னை கீழ்ப்பாக்கத்தில் 1871 முதல் இயங்கி வந்த விடுதியும் அவற்றுள் ஒன்று. நோயாளிகளைப் பாதுகாப்பாக அடைத்து வைப்பதே இவற்றின் முதன்மை நோக்கமாக இருந்தது. 1920களில்தான் இவற்றின் பெயர்கள் மனநோய் மருத்துவமனைகள் என மாற்றப்பட்டன. காரணமற்ற அச்சம், மீண்டும் மீண்டும் கை கழுவுதல், உடலில் குறையின்றியே வரும் வலி போன்ற துன்பங்களுடன் வீட்டில் இருந்தவர்களுக்கு விடுதியும் பொருந்தவில்லை, மருந்தும் கைகொடுக்கவில்லை. இத்தகையோரே போஸின் மருத்துவ அறைக்கு வரத் தொடங்கினர்.

பிராய்டின் கருத்துகளைப் பற்றி இவர் ஆங்கில இதழ்களின் வாயிலாகவே முதலில் அறிந்தார். பிராய்டின் கனவுகள் பற்றிய பெருநூலின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1913 இல்தான் வெளிவந்தது. அதற்கு முன்பே, நோயாளிகளைப் பேசவைத்துக் கேட்கும் முறையைப் போஸ் தம் போக்கில் கையாண்டு வந்தார். தாம் தனியாகக் கண்டறிந்தவை என எண்ணியிருந்த சிலவற்றை வியன்னாவில் ஒருவர் முன்னரே எழுதிவிட்டார் என்பதைப் பின்னரே அறிந்து கொண்டார்.

உளவியல் ஆய்வு

கல்கத்தாப் பல்கலைக்கழகம் 1916 இல் உளவியலுக்கெனத் தனித்துறை தொடங்கியது. இந்தியாவில் இவ்வாறு தொடங்கப்பட்ட முதல் துறை இதுவாகும். ஏற்கனவே மருத்துவராகத் தொழில் நடத்தி வந்த போஸ், முப்பது வயதில் இத்துறையில் மாணவராகச் சேர்ந்து முதுநிலைப் பட்டம் பெற்று, அங்கேயே விரிவுரையாளரானார். பகலில் வகுப்பும், மற்ற நேரங்களில் நோயாளிகளுமாக இவரது வாழ்க்கை அமைந்தது.

1921 இல் அமுக்கம் பற்றிய கருத்து என்னும் பொருளில் இவர் அளித்த ஆய்வேட்டுக்காக அறிவியல் முனைவர் பட்டம் வழங்கப்பட்டது. இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்று உளவியலில் வழங்கிய முதல் முனைவர் பட்டம் இதுவெனக் கூறப்படுகிறது. ஏற்றுக்கொள்ள இயலாத விருப்பங்களை மனம் நனவிலிக்குள் தள்ளிவிடுவதையே உளப்பகுப்பாய்வில் அமுக்கம் என்பர்.

இந்நூலின் படி ஒன்றைப் போஸ் பிராய்டுக்கு அனுப்பி வைத்தார். பிராய்ட் அதே ஆண்டு பதில் எழுதினார். நூலின் முதன்மைக் கருத்துகள் சரியாக இருப்பதாக ஏற்றுக்கொண்ட அவர், அவ்வளவு தொலைவிலுள்ள நாடொன்றில் உளப்பகுப்பாய்வில் இத்தகைய ஆர்வம் எழுந்திருப்பது குறித்து வியப்புத் தெரிவித்தார். அன்று தொடங்கிய கடிதத் தொடர்பு 1937 வரை நீடித்தது.

இத்தொடர்பின் தொடக்க ஆண்டுகளில் நடந்த நிகழ்ச்சி ஒன்று பலராலும் நினைவுகூரப்படுகிறது. பரசுராமின் கதைகளுக்குப் படம் வரைந்த ஓவியர் ஜதீந்திரகுமார் சென், போஸ் குடும்பத்தின் நண்பர். பிராய்டின் நிழற்படத்தைக் கூடப் பார்த்திராத அவர், பிராய்ட் எப்படி இருப்பார் என்று தம் கற்பனையில் ஒரு படம் வரைந்தார். போஸ் அதைப் பிராய்டுக்கே அனுப்பினார். படம் தமக்கு மிஞ்சிய அழகுடன் இருப்பதாகவும், ஓவியர் தம் இனத்துக்குரிய சில சாயல்களைக் கவனத்தில் கொள்ளவில்லை என்றும் பிராய்ட் வேடிக்கையாகப் பதில் எழுதினார்.

சங்கத்தின் தோற்றம்

ஜனவரி 22, 1922 அன்று கல்கத்தா, 14, பார்சிபாகான் சந்தில் இருந்த போஸின் இல்லத்தில் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கம் தொடங்கப்பட்டது. தொடக்க உறுப்பினர்கள் பதினைந்து பேர். அவர்களுள் ஒன்பது பேர் கல்லூரிகளில் உளவியலோ மெய்யியலோ கற்பித்தவர்கள். ஐவர் இராணுவ மருத்துவப் பிரிவைச் சேர்ந்தவர்கள். இவர்களில் இருவர் ஆங்கிலேயர். ராஞ்சியில் ஐரோப்பியர்களுக்கான மனநோய் மருத்துவமனையின் தலைவராக இருந்த ஓவன் பெர்க்லி-ஹில் அவர்களுள் ஒருவர். அதே ஆண்டு, பன்னாட்டு உளப்பகுப்பாய்வுச் சங்கத்தின் தலைவராக இருந்த எர்னஸ்ட் ஜோன்ஸின் ஆதரவுடன் இச்சங்கம் அவ்வமைப்பில் இணைக்கப்பட்டது. போஸ் தலைவரானார், இறக்கும் வரை அப்பொறுப்பிலேயே இருந்தார்.

உறுப்பினர் பட்டியலைப் பார்த்தால் ஒரு குறை தெளிவாகத் தெரியும். பெரும்பாலோர் ஆசிரியர்கள். நூல்களைக் கற்றிருந்தார்களே தவிர, நோயாளியின் முன் அமர்ந்து பழகியவர்கள் மிகச் சிலரே. அவ்வாறு பழகியிருந்தவர்களுள்ளும், உளப்பகுப்பாய்வில் முறையான பயிற்சி பெற்றிருந்த இந்தியர் எவரும் இல்லை.

சிகிச்சையாளருக்குப் பயிற்சி

உளப்பகுப்பாய்வில் சிகிச்சையாளரின் கருவி அவருடைய மனமே. நோயாளி பேசும்போது எதைக் கவனிக்கிறார், எதைக் கேட்டும் கேளாமல் விடுகிறார், எந்த இடத்தில் எரிச்சலோ இரக்கமோ கொள்கிறார் என்பவை சிகிச்சையின் போக்கைத் தீர்மானிக்கின்றன. தம் தந்தையுடனான பகையைத் தாமே அறியாத ஒருவர், நோயாளியின் அதே பகையைக் காணத் தவறுவார். அல்லது இல்லாத இடத்திலும் அதைக் காண்பார். ஆகவே பிறரைப் பகுப்பாய்வு செய்ய விரும்புபவர், முதலில் தாம் ஒருவரிடம் பகுப்பாய்வு செய்து கொள்ள வேண்டும் என்ற கருத்து ஐரோப்பாவில் வலுப்பெற்றது.

1920 இல் பெர்லினில் தொடங்கப்பட்ட நிலையம் இதனை ஒரு பாடத்திட்டமாக வகுத்தது. தம்மைத் தாம் பகுப்பாய்வுக்கு உட்படுத்துதல், கோட்பாட்டு வகுப்புகள், மூத்தவர் ஒருவரின் மேற்பார்வையில் நோயாளிகளைப் பார்த்தல் என்னும் மூன்றும் அதன் கூறுகள். 1925 இல் பன்னாட்டுச் சங்கம் பயிற்சிக்கெனத் தனிக்குழு அமைத்தபின், இம்முறை பிற நாடுகளுக்கும் பரவியது. 1930களில் போஸின் சங்கமும் பயிற்சி நிலையம் ஒன்றை ஏற்படுத்தி இம்முறையைப் பின்பற்றியது.

இந்தியச் சங்கத்துடன் தொடர்பு கொண்டிருந்த ஆங்கிலேயர்களுக்கு இதில் பெரும் இடர்ப்பாடு இருக்கவில்லை. பெர்க்லி-ஹில் ஜோன்ஸிடம் பகுப்பாய்வு செய்து கொண்டவர். இராணுவ அதிகாரியான கிளாட் டேலி விடுப்பில் ஐரோப்பா சென்ற காலங்களில் ஜோன்ஸ், பெரன்சி, பிராய்ட் ஆகியோரிடம் பகுப்பாய்வு செய்து கொண்டார். கப்பல் பயணமும் மாதக் கணக்கான தங்கலும் கல்கத்தாவின் கல்லூரி ஆசிரியர்களுக்கு எட்டாதவை. அவர்கள் அனைவரும் போஸிடமே வரவேண்டியிருந்தது. பிற்காலத்தில் சங்கத்தை வழிநடத்திய தருண் சந்திர சின்ஹா உள்ளிட்ட முதல் தலைமுறையினர் போஸிடம் பயின்றவர்களே.

போஸைப் பகுப்பாய்வு செய்ய இந்தியாவில் ஒருவரும் இல்லை. தம் கனவுகளையும் எண்ணங்களையும் தாமே ஆராய்ந்து பார்த்ததே இவர் பெற்ற பயிற்சி. பிராய்டும் 1890களின் இறுதியில் அவ்வாறுதான் செய்தார். ஒரு துறையின் முதல் மனிதருக்கு வேறு வழியில்லை. ஆயினும் பிராய்டைச் சுற்றி அவரோடு சண்டையிட்டுப் பிரிந்து செல்லக்கூடிய ஆட்லர், யுங் போன்றவர்கள் இருந்தனர். போஸைச் சுற்றி இருந்தவர்களோ ஒரே நேரத்தில் இவருடைய மாணவர்கள், இவரிடம் பகுப்பாய்வு செய்து கொண்டவர்கள், பல்கலைக்கழகத்தில் இவருக்குக் கீழ்ப் பணியாற்றியவர்கள், இவர் தலைமை தாங்கிய சங்கத்தின் உறுப்பினர்கள். தம் அந்தரங்கம் முழுவதையும் அறிந்த ஆசிரியரை, மறுநாள் கூட்டத்தில் எழுந்து மறுத்துப் பேசுவது எளிதன்று. குரு–சீடர் மரபில் ஊறிய சமூகத்தில் அது இன்னும் கடினம். சங்கத்துக்குள் பெரும் கோட்பாட்டுச் சண்டைகள் எழாததற்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

இவ்விடரை ஓரளவு ஈடுசெய்தது பார்சிபாகான் இல்லத்தில் நடந்த கூட்டங்களாகும். உறுப்பினர்கள் தாம் கண்டவற்றைக் கட்டுரையாகப் படிப்பதும், பிறர் அவற்றைக் குறித்து வினவுவதும் அங்கு வழக்கம். இதே இல்லத்தில் உத்கேந்திர சமிதி என்ற பெயரில் எழுத்தாளர்களும் ஓவியர்களும் அறிவியலாளர்களும் கூடும் அரட்டைக் கழகம் ஒன்றும் நடந்து வந்தது. மையம் விலகியவர்களின் சங்கம், அதாவது கிறுக்கர்கள் கழகம் என்பது அப்பெயரின் பொருள். வங்காளிகளின் புகழ்பெற்ற 'அட்டா' மரபு, நோயாளி விவரங்களை விவாதிக்கும் பழக்கத்துக்கு உதவியிருக்க வேண்டும்.

எதிர் விருப்பக் கோட்பாடு

ஒவ்வொரு விருப்பத்துடனும் அதற்கு நேர் எதிரான விருப்பமும் மனத்தில் பிறக்கிறது என்பது போஸின் கோட்பாடு. அடிக்க விரும்புபவரிடம் அடிபடும் விருப்பமும் உண்டு. அன்பு செலுத்த விரும்புபவரிடம் அன்பைப் பெறும் விருப்பமும் உண்டு. இவற்றுள் ஒன்று நனவில் இருக்கும்போது மற்றொன்று அமுக்கப்படுகிறது.

இதிலிருந்து இவர் ஒரு சிகிச்சை முறையையும் உருவாக்கினார். நோயாளி தம்மைத் துன்புறுத்தியவராக எண்ணும் மனிதரின் இடத்தில் தம்மை வைத்துப் பார்க்கும்படி செய்வார். பின் மீண்டும் பழைய இடத்துக்குத் திரும்பச் செய்வார். இரு தட்டுகளும் மாறி மாறி மேலெழும் ஏற்றப்பலகையைப் போன்றதாகையால் இது அப்பெயராலேயே குறிக்கப்பட்டது. பிராய்டின் முறையில் சிகிச்சையாளர் பெரும்பாலும் கேட்பவராகவே இருப்பார். போஸின் முறையிலோ அவர் வழிநடத்துபவர்.

1929 இல் போஸ் தம் கட்டுரைகள் பலவற்றைப் பிராய்டுக்கு அனுப்பினார். ஆண் குழந்தையின் ஆளுமை உருவாவதில் தந்தையைப் பற்றிய அச்சத்துக்குப் பிராய்ட் அளித்த முதன்மையான இடத்தை, தம் இந்திய நோயாளிகளிடம் காண முடியவில்லை என்று இவர் வாதிட்டார். பெண்ணாக இருக்கும் விருப்பம் ஐரோப்பிய ஆண்களைவிட இந்திய ஆண்களிடம் எளிதாக வெளிப்படுகிறது என்றும் எழுதினார். இவ்வேறுபாட்டைக் கவனத்தில் கொள்வதாகப் பிராய்ட் பதில் அளித்தார். ஆனால் எதிர் விருப்பக் கோட்பாட்டை அவர் முழுமையாக ஏற்கவில்லை. அதில் மனத்தின் ஆழம் விடுபட்டு, எல்லாம் ஒரே தளத்தில் இருப்பதாக அவருக்குத் தோன்றியது.

போஸ் தம் கருத்தை மாற்றிக் கொள்ளவில்லை. எனினும் தம் கண்டறிதல்களைத் தமக்கு மேற்பட்ட ஒருவரின் பார்வைக்கு வைத்து, மறுப்பையும் பெற்றுக் கொள்ளும் வாய்ப்பு இவருக்குக் கிடைத்தது இக்கடிதங்களில் மட்டுமே. கப்பல் தபால் வியன்னாவுக்குச் சென்று பதில் வரப் பல வாரங்களாகும். நோயாளியோ மறுநாளே மீண்டும் வந்து அமர்வார்.

1931 இல் பிராய்டின் 75 ஆவது பிறந்த நாளுக்காகச் சங்கம் தந்தத்தால் ஆன விஷ்ணு சிலை ஒன்றைப் பரிசாக அனுப்பியது. பிராய்ட் அதைத் தம் மேசை மீது வைத்திருந்தார். அச்சிலை இலண்டனில் உள்ள பிராய்ட் அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படுகிறது.

லும்பினி பூங்கா மருத்துவமனை

1940 பிப்ரவரியில் சங்கம் கல்கத்தாவின் தில்ஜலா பகுதியில் லும்பினி பூங்கா மனநோய் மருத்துவமனையைத் தொடங்கியது. இதற்கான இடத்தை அளித்தவர் அண்ணன் ராஜசேகர். தொடக்கத்தில் மூன்று படுக்கைகளே இருந்தன. பயிற்சி பெறுபவர்களுக்கு இது பெரிய மாற்றம். தனி அறைக்கு வந்து பேசிச் செல்லும் படித்த நடுத்தர வகுப்பினரை மட்டுமே அதுவரை கண்டிருந்தவர்கள், இங்கு பேச்சே தொடர்பற்றுப் போன கடும் நோயாளிகளையும் காணத் தொடங்கினர்.

இம்மருத்துவமனைக்கு வந்தவர்களுள் மிகவும் புகழ்பெற்றவர் கவிஞர் காஜி நஸ்ருல் இஸ்லாம். 1942 இல் அவர் திடீரெனப் பேச்சையும் நினைவையும் இழக்கத் தொடங்கினார். லும்பினி பூங்காவில் சேர்க்கப்பட்ட அவருக்குப் போஸ் சிகிச்சை அளித்தார். சில மாதங்கள் கழிந்தும் குணம் ஏற்படவில்லை. 1953 இல் நஸ்ருல் இலண்டனுக்கும் பின்னர் வியன்னாவுக்கும் அழைத்துச் செல்லப்பட்டார். மூளையே சிதைந்து வரும் பிக் நோய் அவருக்கு இருப்பதாக அவ்வாண்டு டிசம்பரில் வியன்னா மருத்துவர்கள் முடிவு செய்தனர். போஸ் அதற்கு ஆறு மாதங்களுக்கு முன்பே காலமாகிவிட்டார். மூளையின் உட்புறத்தைப் படம்பிடிக்கும் இன்றைய கருவிகள் எவையும் இல்லாத 1942 இல், மனத்தின் நோயையும் மூளையின் நோயையும் பிரித்தறிவது மிகக் கடினமாக இருந்தது. பேச்சு வழிச் சிகிச்சை அளிப்பவர் உடல் நோயின் அறிகுறிகளையும் அறிந்திருக்க வேண்டும் என்பது இன்று பயிற்சியில் வலியுறுத்தப்படுகிறது.

அதே ஆண்டுகளில் அமெரிக்காவின் ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் கார்ல் ரோஜர்ஸ் வேறொரு வழியில் முயன்று கொண்டிருந்தார். சிகிச்சை உரையாடல்களை ஒலித்தட்டுகளில் பதிவு செய்து, மாணவர்களுடன் திரும்பக் கேட்டு ஆராய்ந்தார். ஒரு நோயாளியின் முழு உரையாடலையும் 1942 இல் நூலாகவும் வெளியிட்டார். தாம் என்ன சொன்னதாக நினைக்கிறோம், உண்மையில் என்ன சொன்னோம் என்ற இரண்டுக்கும் இடையிலான தொலைவு அப்போது பல சிகிச்சையாளர்களுக்கு வெளிப்பட்டது. கல்கத்தாவில் சிகிச்சையாளரின் நினைவும் குறிப்பேடுமே சான்றாக இருந்தன. ஆண்டுகள் பல கடந்தால் திறமை தானாகவே உயர்ந்துவிடும் என்ற நம்பிக்கையைப் பிற்கால ஆய்வுகள் ஐயத்துக்கு உள்ளாக்கியுள்ளதால், ரோஜர்ஸின் இவ்வழி மேலும் முக்கியத்துவம் பெற்றுள்ளது.

எழுத்துப்பணி

உளப்பகுப்பாய்வை ஆங்கிலம் அறிந்தவர்களுக்குள் அடைத்து வைக்கப் போஸ் விரும்பவில்லை. கனவுகள் பற்றி ஸ்வப்ன என்ற நூலை 1928 இல் வங்காள மொழியில் எழுதினார். செவ்வெறும்புகளுக்கும் கறுப்பெறும்புகளுக்கும் இடையிலான போரைக் கூறும் லால் காலோ என்ற குழந்தைகள் கதையும் இவருடையது. புராணங்களில் வரும் அரச மரபுகளின் காலத்தைக் கணிக்க முயலும் புராண பிரவேசம், பகவத் கீதைக்கான உரை ஆகியவை இவரது பிற ஆர்வங்களைக் காட்டுகின்றன. 1947 இல் சங்கத்தின் இதழான சமீக்ஷா தொடங்கப்பட்டது. இதன்பின், நோயாளிகளைப் பற்றிய கட்டுரைகளை வெளியிடவும் பிறரின் கட்டுரைகளைப் படிக்கவும் இந்தியப் பகுப்பாய்வாளர்களுக்குச் சொந்தமாக ஓர் இடம் கிடைத்தது.

பல்கலைக்கழகத்தில் இவர் 1920களின் இறுதியிலிருந்து 1949 வரை உளவியல் துறைக்குத் தலைமை வகித்தார். இதனால் உளப்பகுப்பாய்வு அங்கு பாடத்திட்டத்தின் ஒரு பகுதியாகவே இருந்தது. ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் அன்று அதற்கு இடமே இருக்கவில்லை.

இறுதிக்காலமும் மதிப்பீடும்

1949 இல் சங்கம் போதாயனா என்ற பெயரில் குழந்தைகளுக்கான பள்ளி ஒன்றைத் தொடங்கியது. போஸ் ஜூன் 3, 1953 அன்று காலமானார். மறு ஆண்டு பெங்களூரில் அனைத்திந்திய மனநல நிலையம் (இன்றைய நிம்ஹான்ஸ்) தொடங்கப்பட்டது. அங்கு மருத்துவ உளவியலாளர்களுக்கென மேற்பார்வையுடன் கூடிய பட்டயப் பயிற்சி ஏற்படுத்தப்பட்டதும், இத்துறைக் கல்வியின் மையம் கல்கத்தாவிலிருந்து தெற்கு நோக்கி நகர்ந்தது. உளப்பகுப்பாய்வின் செல்வாக்கும் படிப்படியாகக் குறைந்தது.

போஸைப் பற்றி அசிஸ் நந்தி 1995 இலும், ஜெர்மானிய ஆய்வாளர் கிறிஸ்டியானே ஹார்ட்னாக் 2001 இலும் வெளியிட்ட நூல்கள் இவர்மீது மீண்டும் கவனத்தை ஈர்த்தன. ஐரோப்பியக் கோட்பாட்டை அப்படியே ஏற்காமல் தம் நோயாளிகளிடம் கண்டதை நம்பியவர் என்று இவரைப் போற்றுவோர் உண்டு. மேல்தட்டு வங்காள இந்துக்கள் சிலரிடம் கண்டதை இந்தியர் அனைவருக்கும் உரியதாகக் கூறியது சரியா என்ற கேள்வியும் எழுந்துள்ளது. இவ்விரண்டாவது கேள்வியை எழுப்பக்கூடிய ஒருவர் பார்சிபாகான் கூட்டங்களிலேயே இருந்திருந்தால், எதிர் விருப்பக் கோட்பாடு வேறு வடிவம் பெற்றிருக்கக்கூடும்.

லும்பினி பூங்கா பின்னர் மேற்கு வங்க அரசு மருத்துவமனையாக மாறியது. சங்கம் தொடர்ந்து 14, பார்சிபாகான் சந்திலேயே இயங்கி வருகிறது.